‘டிஸ்க் போச்சு’க்காரர்

நாடி பிடிக்காமலே துக்கம் விசாரிக்கிற ஓர் இனம் உண்டு. கணினி அறைகளில் அதற்கு ‘டிஸ்க் போச்சு’க்காரர் என்று பெயர். சர்வர் எழுந்திருக்கவில்லை என்று போன் வந்தால் போதும், செருப்பை மாட்டும்போதே சொல்லிவிடுவார்: “டிஸ்க் போச்சு.”

ஒரு ஸ்கேன் மையத்தில் அவரைப் பாருங்கள். சர்வர் பாதி வழியில் நின்றுபோய், கறுப்புத் திரையில் கட்டளைக்காகக் கண்சிமிட்டுகிறது. படங்களைச் சேமித்துவைக்கும் டிஸ்க் அதற்குள் இரண்டு; எந்தெந்த டிஸ்க் இருக்கிறது என்று அதனிடமே கேட்கலாம். ஒவ்வொன்றையும் கூப்பிடும், பதில் வந்தால் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்ததைக் கூப்பிடும். வயதான டிஸ்க் சுழன்று நிதானத்துக்கு வரச் சற்று நேரமாகும். நம்மவருக்கு அந்தப் பொறுமை ஏது? கட்டளையைத் தட்டுகிறார், முதல் வரி வருகிறது, மூக்கைச் சொறிகிறார், உதட்டைப் பிதுக்குகிறார், பட்டென்று பவரை அணைக்கிறார்.

“பாத்தீங்களா? ரெண்டாவதக் காணோம்.”

மறுபடியும் அதே கட்டளை. அதே மூக்கு. அதே தீர்ப்பு.

ஸ்கேன் எடுத்த பெண் கையைப் பிசைகிறாள். “சார், காலைல எடுத்த தலை ஸ்கேன் அதுலதான் இருக்கு. வேற காப்பி இல்ல. அதப் பாத்துட்டுத்தான் டாக்டர் கத்தி வைக்கணும்.”

“செத்த பாம்ப எத்தன தடவம்மா அடிக்கிறது? புது டிஸ்க் போடறேன், தலைய இன்னொரு தடவ எடுத்துக்கோங்க.”

“அந்தத் தலை ஆபரேஷன் தியேட்டர்ல மயக்கத்துல இருக்கு சார்!”

“சரி, உங்க திருப்திக்கு” என்று கடைசியாக ஒருமுறை தட்டிவிட்டு ஸ்குரூடிரைவரை எடுக்கிறார். அந்த நேரம் பார்த்து மனைவியின் போன். பேசிக்கொண்டே வெளியே போகிறார். “மிக்சி சுத்தலயா? மோட்டார் போச்சு. தூக்கிப் போடு... மூடியா? மூடிய எதுக்குப் பாக்கணும்?”

அவர் வாதாடி முடிப்பதற்குள், பவரை அணைக்க ஆளில்லாத நிம்மதியில், இயந்திரம் இரண்டாவது வரியையும் எழுதி முடித்தது. தாமதமாக எழுந்தது ஒன்றே அந்த டிஸ்க் செய்த குற்றம்.

“சார், வந்துடுச்சு! ஸ்கேன காப்பி பண்ணிக்கிட்டு இருக்கேன்!”

அசடு வழிவார் என்றா நினைத்தீர்கள்? உள்ளே வந்து திரையைப் பார்த்தார், சட்டையைச் சரிசெய்தார். “பின்ன? ரெண்டு தடவ ஆஃப் பண்ணிப் போட்டோம்ல, அதான் உயிர் வந்திருக்கு.”

இருக்கட்டும். நீங்கள் எப்படி? ‘கேபிள்தான் கழன்றிருக்கும், இதைக் கண்டுபிடிக்க இவ்வளவு கதையா’ என்று பாதியிலேயே தீர்ப்பு எழுதிவிட்டு, எப்போதடா கேபிள் வரும் என்று இந்த வரிவரை தாவி வந்தீர்களா? அப்படியானால் செருப்பை மாட்டிக்கொள்ளுங்கள். அடுத்த தெருவில் ஒரு சர்வர் எழுந்திருக்கவில்லையாம்.