குடிலுக்குள் ஒன்று ஒளிந்திருக்கிறது

கோயம்புத்தூர்,
கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய திருவருகைக் காலம்.

உடுமலைப்பேட்டையில் தென்னந்தோப்பையும் நன்மதிப்பையும் ஒருங்கே வளர்த்துவரும் என் அன்புக்குரிய சம்பந்தி சூசைமாணிக்கம் அவர்களுக்கு, ஞானமுத்து வணங்கி வரைவது.

தங்களுக்கும் தங்கள் துணைவியாருக்கும் நலம் பெருகுக. தென்னையை வாட்டும் வெள்ளை ஈ ஒழிக; குலைகள் நிறைக. இங்கே தங்கள் மகள் ஜெனிதா நலம். என் மகன் ஜெஃபின் நலம். என் துணைவி இருதயம்மாளின் மூட்டுவலியும் நலமாகவே இருக்கிறது. நான் ஒருவன்தான் நலமில்லை.

ஒலிபெருக்கி பழுதான கூட்டங்களில்கூடக் கடைசி வரிசை நிமிர்ந்து உட்காரப் பேசியவன் நான். மேடையில் கல் வந்து விழுந்த நாளிலும் எடுத்த வாக்கியத்தை முடித்த பிறகே குனிந்தவன். அப்படிப்பட்ட நான் இன்று தங்களிடம் அபயம் கேட்டு எழுதுகிறேன். அதற்குக் காரணம் எம் வீட்டு மாடியில் எழுந்திருக்கும் பாதாளச் சிறை!

பதற வேண்டாம். அது நுரைப்பலகையால் ஆனது. தெர்மாகோலைவிட அடர்ந்த அப்பலகையை ஜெஃபின் வண்டியில் கட்டி ஏற்றிவருவான். தாங்கள் பட்டறையில் சொல்லிச் செய்தனுப்பிய சூட்டுக்கம்பியால் ஜெனிதா அதை வெண்ணெய்போல் அறுப்பாள். சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளை உருண்டையாகக் கசக்கி அதன்மேல் உருட்டுவாள். உடனே கருங்கல்லின் சொரசொரப்பு வந்துவிடும். பிறகு கறுப்பு பூசி, காய்ந்த தூரிகையால் சாம்பல் நிறத்தை மேலோட்டமாகத் தீற்றுவாள். முதன்முதலில் அச்சுவரைக் கண்டபோது நம் வீட்டுக்குள் எப்போது கொத்தனார் வந்தார் என்று திகைத்தேன். தூக்கிப் பார்த்தால் பஞ்சின் எடை! துண்டு துண்டாகச் சேர்த்தால் நடைவழி, சிறைக்கூடம், கம்பிக்கதவு என மேசை முழுவதும் விரியும். அதில் விரலளவு வீரர்களையும் எலும்புக்கூடுகளையும் நிறுத்தி, பகடை உருட்டி, சனிக்கிழமைதோறும் ஆடுகிறார்கள். பூதங்களை ஒளித்துவைத்து ஆட்டத்தை நடத்துபவள் தங்கள் மகள். ஆட வருபவர்கள் அவளுடன் பணிபுரியும் அஃப்ஷீனும் வம்சியும். கீழே நான் செபமாலை சொல்லும் வேளையில் மேலிருந்து வரும் உரையாடல் இது:

“கதவ ஒடைச்சுப்போடு வம்சி!”

“நீயே ஒடை. உள்ள எலும்புக்கூடு நிக்குது.”

“செத்தா என்ன இப்ப? செத்துட்டு வந்து காப்பி குடி!”

இதைக்கூடப் பொறுத்தேன், ஐயா. இப்போது வந்திருப்பதோ பொறுக்கக் கூடியதன்று. அதற்கு வித்திட்டவனும் நானே. எங்கள் பங்குக் கோயிலின் சார்பில் இவ்வாண்டு வீடுதோறும் கிறிஸ்து பிறப்புக் குடில் போட்டி. தொடக்கக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். சொன்னால் விடுவேனா? “கடையில் வாங்கிய குடிலில் பாலன் பிறப்பாரா? உங்கள் கைகள் என்ன வாடகைக்கு விடப்பட்டுள்ளனவா?” என்று முழங்கினேன். கைதட்டலில் மின்விசிறிகளே அதிர்ந்தன. அம்மகிழ்ச்சியில் என் வீட்டில் குடில் கட்ட மறந்தேன்.

நடுவர்கள் எங்கள் தெருவுக்குள் நுழைந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தபோது ஜெனிதா அலுவலகத்தில் இருந்தாள். இருதயம்மாள் மூட்டுவலியை மறந்து மாடி ஏறினாள். கையில் அகப்பட்ட எலும்புக்கூடுகளை முறத்தில் அள்ளினாள். சிறையை அப்படியே பலகையோடு இருவரும் இறக்கினோம். அவளுடைய தாய்வீட்டுப் பெட்டியிலிருந்த கட்டைவிரல் உயரக் குடில் சொரூபங்களை ஆளுக்கொன்றாக அவசர அவசரமாக வைத்தோம். சித்திரவதைக் கூடத்தில் பாலன் இயேசு! ஆண்டவரே, மன்னியும்.

நடுவர்களாகப் பங்குத்தந்தையும், எங்கள் தெருச் செபக்குழுவான அன்பியத்தின் தலைவி ரெபேக்காவும் வந்தார்கள். ரெபேக்கா குனிந்து பார்த்துக் கன்னத்தில் கைவைத்துக்கொண்டார்.

“ஏனுங்க அய்யா, நெசக் கல்லாட்டவே இருக்குதுங்க! அந்த மாட்டப் பாருங்க சாமி, செவுத்துக்குப் பின்னால நின்னு பாலன எட்டி எட்டிப் பாக்குது. கண்ணுல எத்தன பாசம்!”

முதற்பரிசு எங்களுக்கே. அத்துடன் விட்டாரா பங்குத்தந்தை? கிறிஸ்து பிறப்புத் திருப்பலிக்கு மறைமாவட்டத் தலைவரான ஆயரே வருகிறாராம். இக்குடில் ஆலயப் பீடத்தின் முன் வைக்கப்பட வேண்டுமாம். கையால் செய்வதன் மேன்மையைப் பற்றி நான் ஆயர் முன் பேச வேண்டுமாம். “இது என் கைவேலையன்று” என்று தொடங்கினேன். என் தன்னடக்கத்தைப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

மாலையில் ஜெனிதா வந்து குடிலைப் பார்த்தாள். பார்த்தவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். பிறகு சொன்னாள்:

“மாமா, எலும்புக்கூட்டையெல்லாம் எடுத்துட்டீங்க. ஆனா உள்ள இன்னும் ஒண்ணு இருக்குதுங்க. இருக்கறதுலயே பொல்லாதது.”

“எங்கே அம்மணி? எடுத்து எறி!”

“அதெப்படிங்க மாமா? அஃப்ஷீனும் வம்சியும் ஆடி மாசத்துல இருந்து அதத்தான் தேடறாங்க. நான் சொல்லிப்போட்டா ஆட்டமே போச்சு. நீங்களும் வந்து ஆடுங்க, தானா தெரியும்.”

அன்றிலிருந்து எனக்கு உறக்கமில்லை. கைவிளக்கை அடித்துத் தேடினேன். நிழலெல்லாம் பல்லாகத் தெரிகிறது. எல்லாம் பசை போட்டு ஒட்டியவை. பிரித்தால் பரிசுக் குடில் பாழ். பிரிக்காவிட்டாலோ, ஆயர் குனிந்து நோக்கும் அந்நொடியில் எங்கிருந்து எது முறைக்குமோ! ஆண்டுக்கணக்காகப் பங்கு மக்கள் என் சொல்லுக்கு வைத்திருக்கும் மதிப்பு, விரலளவுப் பூதம் ஒன்றினால் பீடத்தின் முன்னேயே மாயப்போகிறது. ஜெஃபினிடம் முறையிட்டால், “அவ சொல்ல மாட்டாப்பா, எனக்கே சொல்லல” என்கிறான்.

ஆகவே, பெற்ற தந்தை என்ற உரிமையோடு தாங்கள் உடனே புறப்பட்டு வந்து, அவள் வாயிலிருந்து அவ்வுண்மையை வரவழைத்துத் தர வேண்டும். வந்து இரண்டு அதட்டு அதட்டிப்போட்டுப் போங்க சம்பந்தி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

பிறக்கவிருக்கும் பாலன் தங்கள் இல்லத்தில் அமைதியைப் பொழிவாராக. எம் இல்லத்தையும் அப்படியே ஒரு பார்வை பார்ப்பாராக.

தங்கள் அன்பிலும் தாங்கொணா அச்சத்திலும்,
ஞானமுத்து

பின்குறிப்பு: மடலை ஒட்டுவதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது. வேறு வழியின்றி நானும் ஆட்டத்தில் அமர்ந்தேன். எலும்புக்கூட்டுப் படை ஒன்று வழிமறித்தது. வாளை உருவாமல் அவற்றிடம் உரையாற்றினேன். பகடையும் துணை நின்றது. படை தலைகுனிந்து திரும்பிற்று. அஃப்ஷீன் எழுந்து நின்று கைதட்டினாள். ஜெனிதாவை அதட்ட வேண்டாம். அடுத்த சனிக்கிழமையும் நான் சிறைக்குச் செல்ல வேண்டியிருக்கிறது.

அதற்கிடையில் இருதயம்மாள் காப்பியோடு வந்தாள். “ஏனுங்க, நம்ம பெட்டியில இருந்த மாடுதான் போன வருசமே ஒடைஞ்சுபோச்சே. இந்த மாட்ட எங்க வாங்கினீங்க?” என்றாள். நான் வாங்கவில்லை. அவள் வைத்தாள் என்றல்லவா எண்ணியிருந்தேன்! எழுந்து குடிலின் சுவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். தலை மட்டுமே மாடு, ஐயா. கழுத்துக்குக் கீழே மல்லனின் உடல். இரு கைகளிலும் ஓங்கிய கோடரி.

எடுத்துவிடலாம் என்று கைநீட்டியபோது பங்குத்தந்தை தொலைபேசியில் அழைத்தார். “அய்யா, அந்த மாடு பத்திரம். ஆயர்கிட்ட அதப் பத்தித்தான் பெருசாச் சொல்லி வச்சிருக்கறேன்” என்றார்.

எனவே தாங்கள் அவசியம் வாருங்கள். வரும்போது வைக்கோல் கொண்டு வாருங்கள். கோடரி மறையும் உயரத்துக்கு வேண்டும்.