மிளகு வாங்கக் கப்பல் ஏறத் தேவையில்லை

கிரவீன், சிட்னி
ஞாயிறு காலை

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மச்சான் தேவராஜா அவர்களுக்கு,

டண்டினொங்கில் நீரும் மச்சாளும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க முருகனை வேண்டுகிறேன். இங்கே உமது தங்கை யோகா சுகம், கறிவேப்பிலை மரம் சுகம், நான்தான் சுகமில்லை. ஃபோனில் சொன்னால் மகள் நிரூபாவின் காதில் விழும் என்பதால் எழுதுகிறேன்.

எஞ்சினியர் வேலைக்கு இரண்டு மாதம் லீவு போட்டுவிட்டு, ஐந்நூறு வருடத்துக்கு முந்திய மாதிரியில் கட்டிய பாய்க்கப்பலில் அடுத்த மாதம் ஃபிஜிக்குப் போகிறாளாம். நட்சத்திரம் பார்த்துத்தான் ஓட்டுவார்களாம். பக்கத்துப் பென்டில் ஹில்லுக்கே ஜிபிஎஸ் போட்டு ஓடுகிற பிள்ளை, மச்சான்! "அந்தக் காலத்துப் பறங்கியள் மிளகுக்கும் கறுவாவுக்கும் போனவங்கள். ரெண்டும் பென்டில் ஹில் கடையிலை கிடக்கு, நான் வாங்கித் தாறன்" என்றேன். "டாட், இட்ஸ் நொட் அபவுட் பெப்பர்" என்றாள். சரியென்று நூலகத்தில் அந்தக் கடற்பயணங்களைப் பற்றிப் புத்தகம் எடுத்தேன், எடுத்திருக்கவே கூடாது. நடுக்கடலில் பழம், தேசிக்காய் இல்லாமல் பல்முரசு வீங்கி, பல்லுக் கொட்டிச் செத்தவர்கள் எத்தனை பேர்! உடனே தேசிக்காய் ஊறுகாய் இரண்டு போத்தல் போட்டேன். போய்ச் சேர்ந்தவர்களாவது சும்மா இருந்தார்களா? எங்கள் கோயில்களை இடித்தார்கள், இந்த நாட்டுப் பூர்வகுடிச் சனத்தின் நிலத்தைப் பறித்தார்கள். இதைச் சொன்னால் யோகா குசினியில் நின்றுகொண்டு, "அவங்கள் வராட்டி உங்கடை கறிக்கு மிளகாய் ஏது? நீங்கள் இருக்கிற கதிரைக்குப் பேரும் அவங்கடை பாஷையிலையிருந்து வந்ததுதான்" என்கிறாள். தாயும் மகளும் ஒரு கட்சி. கப்பல் வெளிக்கிடுவதோ வெள்ளிக்கிழமை பத்தரைக்கு, அச்சொட்டாக ராகுகாலம்! பஞ்சாங்கத்தை யாழ்ப்பாண நேரத்துக்குப் பார்ப்பதா சிட்னி நேரத்துக்குப் பார்ப்பதா தெரியாமல் இரண்டு ராகுகாலத்துக்கும் பயப்படுகிறேன். மாமா நீர் சொன்னால் கேட்பாள். போகவேண்டாம் என்று சொல்லும்.

மச்சாளுக்கு என் அன்பு. உமது பிள்ளைகளுக்குக் கரையிலேயே நல்ல வேலை அமைய அம்மன் அருளட்டும்.

தூக்கமில்லாத
கதிர்காமநாதன்

பி.கு.: உறையை ஒட்டப் போகையில் நிரூபா வந்து, "ஓகே அப்பா, நான் போகேல்லை. கப்டனுக்குச் சொல்லிப்போட்டன்" என்றாள். முருகா என்று கும்பிட்டேன். அவள் அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை, போய்க் கோப்பைகளைக் கழுவினாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மச்சான், நான் என் அம்மாவிடம் "கொழும்புக்குப் போட்டு வாறன்" என்று பொய் சொல்லிவிட்டு இந்த நாட்டுக்கு வந்தவன். இவள் என்னைக் கேட்டுவிட்டுப் போகப் பார்த்தாள். மேலே எழுதியதை விட்டுவிட்டு, உடனே அவளுக்கு ஃபோன் எடுத்துப் போகச் சொல்லும். நான் சொல்லப்போனால் அழுதுவிடுவேன்.