ஹார்ட் டிஸ்க்குக்கு வச்ச சந்தனப் பொட்டு

ஒரு காட்டுல, கரண்ட்டு வந்தாச்சு, புத்தி இன்னும் வந்துக்கிட்டே இருக்கு, அப்பேர்ப்பட்ட ஒரு காட்டுல, வெள்ளையம்மான்னு ஒரு முயல் இருந்துச்சு. அதுகிட்ட ஒரு ஆதிகாலத்துக் கம்ப்யூட்டர். முன்னாடி தொந்தி, பின்னாடி அதவிடப் பெரிய தொந்தி. போட்டா கிரைண்டர் மாதிரி கத்தும். ஆனா காட்டோட மொத்த ஆவணமும் அதுக்குள்ளதான். எந்தப் பொந்து யாருது, எந்த மரம் யாருது, எல்லாம்.

வெள்ளையம்மாவோட உசுரும் அதுக்குள்ளதான். "சங்கிலி என்னும் புலியாகிய நான் மேற்படி முயலைத் தின்ன மாட்டேன் என உறுதி கூறுகிறேன்"னு ஒரு ஒப்பந்தம். கீழ புலியோட கால்ரேகை.

ஆயுத பூஜை வந்துச்சு. வெள்ளையம்மாவுக்குப் பக்தி கொஞ்சம் ஜாஸ்தி. கம்ப்யூட்டர் மூடியக் கழட்டி, உள்ள இருக்குற சாமான் ஒவ்வொண்ணுக்கும் சந்தனம், குங்குமம். ஹார்ட் டிஸ்க்கு மேல சின்னதா ஒரு ஓட்டை. அது மூச்சு விடுற ஓட்டை. நம்மாளு, பொட்டு வைக்கத்தான் இடம் விட்டிருக்கான்னு நெனச்சு ஒரு உருண்டைய அப்பிருச்சு.

மறுநாள் சுவிட்சப் போட்டா, டக்... டக்... டக். அதோட சரி.

சேதி கேட்டுப் புலி வந்து நின்னுச்சு.

"ஏ முயலு, ஒப்பந்தம் போச்சாமே?"

"போகல ராஜா. உள்ளதான் இருக்கு. வெளிய வரமாட்டேங்குது."

"என் பசியும் இத்தன வருசமா உள்ளதான் இருக்கு. நாளைக்குக் காலைல ஒப்பந்தம் வெளிய வரணும். இல்ல, பசி வந்துரும்."

வெள்ளையம்மா ஓடிப்போய் மெக்கானிக் கோதண்டத்தக் கூட்டியாந்துச்சு. கோதண்டம் குரங்கு. திருப்புளிய வாலுல பிடிச்சு வேல பாக்குற ஆளு.

"யக்கா, டிஸ்க்கு மண்டையப் போட்ருச்சு. இந்த மாடல் வந்தப்ப எங்க தாத்தாவுக்கே வாலு முளைக்கல. தேடிப் பாக்குறேன்."

எங்கயோ பழைய இரும்புக் குவியலக் கிளறி, அதே மாடல்ல ஒண்ணு கொண்டாந்து, பட்டை வயர மாட்டி, காலைக்குள்ள ஓட விட்ருச்சு.

"பாருக்கா, ஜம்முனு ஓடுது!"

"ஒப்பந்தம் எங்கப்பா?"

"புது டிஸ்க்குல எப்படிக்கா இருக்கும்? புதுச் சட்ட போட்டா பழைய சட்டப் பையில இருந்த சாவி கூடவே வருமா?"

வெள்ளையம்மாவுக்கு ரெண்டு காதும் தொங்கிருச்சு. அந்நேரம் பாத்துப் புலியும் வந்துருச்சு.

"காட்டு."

"காட்டுறேன் ராஜா... அய்யய்யோ, இனிமே ராஜான்னு கூப்பிடலாமான்னு தெரியலயே!"

"என்ன ஒளர்ற?"

"நீங்கதான் ராஜான்னு உங்களுக்குக் குடுத்த சான்றிதழும் அதே டிஸ்க்குலதான் இருந்துச்சு. ராஜா தின்னா அது வேட்டை. சும்மா ஒரு பிராணி தின்னா அது கேசு."

"நான் புலிடீ! பாத்தாத் தெரியல?"

கோதண்டம் தலையச் சொறிஞ்சுச்சு. "எல்லாரும் இதத்தாங்க சொல்றாங்க. நேத்து ஒரு பூனைகூட இதே மாதிரி வரி போட்டுக்கிட்டு வந்துச்சு. பேப்பர் இல்லாம நாங்க எதை நம்புறது?"

புலி கொஞ்சம் எறங்கி வந்துச்சு. "சரி... என்ன பண்ணணும்?"

"ஒண்ணுமில்லண்ணே," வெள்ளையம்மா ஒரு பாரத்த நீட்டுச்சு. "இதப் பூர்த்தி பண்ணுங்க. ரெண்டு போட்டோ. அப்புறம் ரெண்டு சாட்சிக் கையெழுத்து. உங்கள ரொம்பப் பக்கத்துல பாத்தவங்களா இருக்கணும். உசுரோடவும் இருக்கணும்."

புலி பாரத்த வாயில கவ்விக்கிட்டுச் சாட்சி தேடப் போச்சு. அதப் பாத்தவன்லாம் ஓடுறான். அது "கையெழுத்து மட்டும்ப்பா, கையெழுத்து மட்டும்!"னு தொரத்துது. இன்னும் தொரத்துது.

ஒரு வாரம் கழிச்சு, கோதண்டம் சும்மா இருக்க மாட்டாம பழைய டிஸ்க்குல இருந்த சந்தனத்தச் சொரண்டி மாட்டிப் பாத்துச்சு. டிஸ்க்கு சுத்திருச்சு!

"யக்கா, ஒப்பந்தம் கெடச்சிருச்சு! ராஜா சான்றிதழும் இருக்கு!"

வெள்ளையம்மா ஆசையா எட்டிப் பாத்துச்சு. ராஜா சான்றிதழ்: ஆயுசுக்கும் செல்லும். ஒப்பந்தம்: போன தை மாசத்தோட முடிஞ்சுது.

"கோதண்டம், அத நிப்பாட்டு."

"ஏன்க்கா?"

"பூஜைல சந்தனம் கம்மியா வச்சுட்டேன்ப்பா. மனசு கேக்கல." இந்தத் தடவ ரெண்டு உருண்டை.

நீதி: ஆவணத்த ரெண்டு காப்பி எடுத்து வச்சு ஏமாந்துராதீங்க. உங்களத் திங்கப்போறவரோட ஆவணத்தையும் அதே டிஸ்க்குல போட்டு வச்சுட்டு, பக்தியா இருங்க.