பார்க்கிங்கில் மிதந்த படகு

புனேயைச் சுற்றியுள்ள அத்தனை அணைகளும் ஒரே நாளில் வற்றிப் போனாலும், அந்தக் காய்ந்த தரையில் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு இறங்கக் கூடிய ஒரே மனிதர் விசில்தான். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். கழுத்தில் எந்நேரமும் ஓர் ஆரஞ்சு விசில் தொங்கியதால் அதைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

தேஹு ரோட்டில் ஒரு ராணுவக் கிடங்கில் குமாஸ்தா. வயது என் வயதுதான், அப்போது நாற்பத்து மூன்று. தாத்தா காலத்தில் வேலூரிலிருந்து வந்த குடும்பம் என்பதால் தமிழில் ஆரம்பித்து இந்தியில் முடிப்பார். ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்கக் கிளம்பினால் வீட்டு வாசலிலேயே அந்த ஆரஞ்சு ஜாக்கெட்டை மாட்டிவிடுவார். அந்த உப்பலோடு ஷேர் ஆட்டோவில் ஏறி இரண்டு பேர் இடத்தை அடைத்துக்கொள்வார். யாராவது முறைத்தால், "ஆட்டோவும் கவுந்துரும், பாய்சாப்" என்பார்.

நான் கோயம்புத்தூர்க்காரன். புனேயின் வாகட் பகுதியில் குடியிருந்து கம்ப்யூட்டரைத் தட்டிப் பிழைப்பவன். என் ரத்த அழுத்தத்தைப் பார்த்த டாக்டர், அமைதியான பொழுதுபோக்கு ஏதாவது வைத்துக்கொள்ளச் சொன்னார். மூன்று வாரம் வீடியோ பார்த்துத் தூண்டில் சாமான்களாக வாங்கிக் குவித்தேன். ரத்த அழுத்தம் இன்னும் கொஞ்சம் ஏறியது. பதினெட்டு அறை வைத்த பெட்டியில் கலர் கலராக ரப்பர் மீன்கள். அதைத் திறந்து பார்த்த என் மனைவி, "ஏனுங்க, ஒரு மீனு புடிக்க இத்தன மீனு வேணுமா?" என்று கேட்டாள்.

மீன் பிடிப்பவர்களின் வாட்ஸப் குழு ஒன்றில், தமிழ் பேசும் ஆள் என்று விசிலைக் கைகாட்டினார்கள். ஒரு சனிக்கிழமை வீட்டுக்கே வந்துவிட்டார். ராடைப் பார்த்தார், ரீலைப் பார்த்தார். லைனைப் பார்த்ததும்தான் முகம் சுருங்கியது. எட்டு இழைகளைப் பின்னிச் செய்த பச்சை லைன், யானை விலை.

"இது எதுக்கு சார் உங்களுக்கு? சாதா நைலான் நரம்பு போதும். இழுத்தா கொஞ்சம் நீண்டு குடுக்கும். நம்ம பண்ற தப்பையெல்லாம் மாஃப் பண்ணிடும். இந்தப் பின்னல் துளிகூட நீளாது, கைய அறுக்கும்."

"இதுக்கு நாலே முக்கால் ஸ்டாருங்க," என்றேன்.

"மீன் ஸ்டார் பாக்காது சார். இதான் வேணும்னா, ரீலோட உருளை இருக்குல்ல, அந்த ஸ்பூல்ல முதல்ல பத்து சுத்து நைலான் சுத்திக்கோங்க. அதோட முனையில இத முடிச்சு போடுங்க. நேரா சுத்தினா மொத்தமும் வழுக்கும். சமஜ்கயா?"

பலமாகத் தலையாட்டினேன். அவர் போனதும் நேராகவே சுற்றினேன். முப்பது வீடியோ பார்த்தவனுக்குக் கிடங்கு குமாஸ்தா பாடம் எடுப்பதா என்கிற கொழுப்புதான்.

அதைவிடப் பெரிய கொழுப்பு ஒன்றையும் அன்றே காட்டியிருந்தேன். வாசல்படி இறங்கும்போது, "நீச்சல் தெரியுமா சார்?" என்று கேட்டார். "பவானி ஆத்துல இந்தக் கரையில குதிச்சா அந்தக் கரையிலதானுங்க எந்திரிப்பேன்," என்றேன். பவானியில் நான் குளித்ததெல்லாம் படியில் உட்கார்ந்து சொம்பில் மொண்டு ஊற்றித்தான். எனக்கு நீச்சல் தெரியாது. அந்த வயதில் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் காலை அணைக்குப் போகும் முன் பயிற்சி என்றார். எங்கே என்று கேட்டால், எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்க்கிங்கில். என் கார் நிற்கும் இடத்தில் சாக்பீஸால் முழு நீளப் படகு ஒன்றை வரைந்தார். துடுப்பு போடுபவருக்கு ஒரு பலகை, எனக்கு ஒரு பலகை. செக்யூரிட்டி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். காய்கறி வாங்கி வந்த பெண்கள் நின்றார்கள்.

"எழுந்து நிக்கக் கூடாது. ரெண்டு பேரும் ஒரே பக்கம் சாயக் கூடாது. ஒரு விசில்னா பைட்டோ, உக்காருங்க. ரெண்டுன்னா நடுவுக்கு வாங்க."

"மூணுன்னா?"

"மூணு அடிச்சா நீங்க தண்ணில இருக்கீங்கன்னு அர்த்தம். உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்."

பேண்டை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு சாக்பீஸ் கோட்டைத் தாண்டி உள்ளே கால் வைத்தேன். உடனே விசில் ஊதினார். "ஓரத்துல மிதிச்சுட்டீங்க. கவுந்துருச்சு. திரும்ப ஏறுங்க." சிமெண்டுத் தரையில் மூன்று முறை மூழ்கினேன். மூன்றாவது முறை செக்யூரிட்டி கை தட்டினார்.

பவனா அணையில் ஒரு சின்ன ஃபைபர் படகை வாடகைக்கு எடுத்தோம். என் ஜாக்கெட்டின் பக்கிள்களை அவரே மாட்டி, தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பார்த்தார். கொஞ்ச தூரம் போனதும், போட்டோவில் தொப்பை தெரியுமே என்று ஒரு பக்கிளை நைசாகக் கழற்றினேன். விசில் துடுப்பை வைத்துவிட்டு, அதைத் திரும்ப மாட்டி இன்னும் இறுக்கினார்.

ஆட்டா மாவு உருண்டையைக் கொக்கியில் கோத்துப் போட்ட பத்தாவது நிமிடம் ராடு வளைந்தது. கைப்பிடியைச் சுற்றுகிறேன், சுற்றுகிறேன், ஒரு முழம் லைன்கூட உள்ளே வரவில்லை. வழவழப்பான ஸ்பூலின் மேல் பச்சைப் பின்னல் மொத்தமாக வழுக்கிக்கொண்டிருந்தது. அது எனக்குத் தெரியவில்லை. மாட்டியிருப்பது என்னைவிடப் பெரிய மீன் என்று நினைத்து எழுந்து நின்றேன்.

ஒரு விசில் கேட்டது. உட்காராமல் அப்படியே நின்றேன். இரண்டு விசில் கேட்டது. எதற்கென்று யோசிப்பதற்குள் ராடு படகுக்குள்ளும் நான் அணைக்குள்ளும் விழுந்தோம். மூன்று விசில் தண்ணீருக்கு அடியில் கேட்டது.

ஜாக்கெட் என்னைத் தூக்கி மேலே போட்டது. வாயைத் திறந்ததும் பல வருட மானத்தை ஒரே மூச்சில் விட்டேன். "எனக்கு நீச்சல் தெரியாதுங்க! தெரியாதுங்க!"

"தெரியும் சார்," என்றார் விசில், பதற்றமே இல்லாமல். கயிறு கட்டிய காலி எண்ணெய் கேன் ஒன்றை எறிந்தார். அது என் மண்டையில் பட்டது. "கட்டிப் புடிங்க. பக்கவாட்டுல தொங்காதீங்க, படகு கவுந்துரும். பின்னாடி வாங்க, காலை அடிச்சு ஏறுங்க."

படகுக்குள் குப்புறக் கிடந்து அரை லிட்டர் அணையை வெளியேற்றினேன். அவர் பச்சை லைனைத் துடுப்பில் சுற்றிச் சுற்றி இழுத்தார். முடிவில் உள்ளங்கை நீளத்தில் ஒரு ஜிலேபிக் கெண்டை வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "எப்படிங்க தெரியும்?" என்று கேட்டேன்.

"தரையில வரைஞ்ச படகுக்கே பேண்ட்டத் தூக்கிப் புடிச்சீங்களே சார்."

கொஞ்ச நேரம் கழித்து மனம் கேட்காமல், "அப்படித் தெரிஞ்சும் நீங்க ஏனுங்க குதிக்கல?" என்றேன்.

மீனைக் கொக்கியிலிருந்து விடுவித்துத் தண்ணீரில் விட்டார். பிறகு துடுப்பை எடுத்துக்கொண்டார். "எனக்கும் தெரியாது சார்."

நான் ஒரு பொய் சொல்லி மறைத்த அதே பயத்தை, அந்த மனிதர் ஆரஞ்சு நிறத்தில் மாட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஊருக்கே காட்டிக்கொண்டு போயிருக்கிறார். கரை வரும்வரை என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவரோடுதான் போனேன், நைலான் நரம்போடு.

போன வருடம் அவரை ஜபல்பூருக்கு மாற்றிவிட்டார்கள். மழையில் பார்க்கிங்கில் தண்ணீர் ஏறிப் படகு அழிந்துபோகும்போதெல்லாம் சாக்பீஸ் வாங்கி நானே வரைகிறேன். செக்யூரிட்டி இப்போது சிரிப்பதில்லை. காரை நிறுத்தும்போது துடுப்பு போடுபவருக்கு வரைந்த பலகையின் மேல் மட்டும் சக்கரம் ஏறாமல் பார்த்துக்கொள்கிறேன். அது விசில் உட்காரும் இடம்.