ஊறல் பற்றிய தீர்மானங்கள்

கத்தரிக்காயின் வரலாறு எழுதப்படும் நாளில் அதில் இரண்டே பாகங்கள் இருக்கும்: எங்கள் கழகத்துக்கு முன், எங்கள் கழகத்துக்குப் பின். இதைத் தற்பெருமை என்று யாரும் நினைக்க வேண்டாம். கழகத்தின் செயலாளர் நான் என்பதால் உண்மையைச் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

ஆவடிக்கும் கோவில்பதாகைக்கும் நடுவே தொழிற்சாலை ஊழியர்களுக்காகக் கட்டிய காலனி எங்களுடையது. அங்கே 1967-ல் 'காய்கறி வளர்ப்போர் கழகம்' உதயமாயிற்று. உறுப்பினர்கள் பதினான்கு பேர். அதில் துணைத் தலைவர்கள் ஒன்பது பேர். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது மட்டும் பொன்னியம்மா. முன்பு இதே இடத்தில் நாற்று நட்டவள். வயலின் மேல் காலனி எழும்பியதும் காலனிக்கே வேலைக்கு வந்துவிட்டாள். தொழிற்சாலைத் தோட்டத்தில் அவளை நிரந்தரமாக்குவதாக நிர்வாகம் வாக்குக் கொடுத்திருந்தது. ஒரே நிபந்தனை, அவள் பெயரில் போலீஸ் கேஸ் எதுவும் இருக்கக் கூடாது. அந்த வேலை வரும் என்ற நம்பிக்கையில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

அந்த வருஷம் கத்தரியில் புழு, வெண்டையில் அசுவினி, அவரையில் பெயர் தெரியாத ஏதோ ஒன்று. மருந்துப் பொடி தூவினோம். பூச்சிகள் பிழைத்துக்கொண்டன. துணைத் தலைவர் ஆனந்தன்தான் இரண்டு நாள் படுத்துவிட்டார். தலைவர் நாகேந்திரன் உடனே கூட்டத்தைக் கூட்டி, "மேல்நாட்டில் எல்லாம் இப்போது இயற்கை முறைதான்" என்று அறிவித்தார். மேற்கே அவர் போயிருப்பது அரக்கோணம் வரை.

தீர்மானம் எண் நான்கு: 'பூச்சிகள் இனிமேல் இயற்கையாகச் சாக வேண்டும்.' பலத்த கைதட்டலுடன் நிறைவேறியது. நகல் ஒன்றைத் தோட்டத்தில் ஒட்டினோம். பூச்சிகள் அதையும் அரித்தன.

மூன்றாவது கூட்டத்தில், டம்ளர் கழுவிக்கொண்டிருந்த பொன்னியம்மா பொறுமை இழந்தாள்.

"இன்னாத்துக்கு சார் இம்மாம் பேச்சு? நொச்சி, எருக்கு, ஆடாதோடை, வேப்பங்கொட்டை, நாலையும் இடிச்சி மாட்டு மூத்திரத்துல கொட்டு. பானைய மண்ணுல பொதைச்சி பத்து நாளு ஊறப் போடு. அப்பால தண்ணி கலந்து தெளி. ஒரு பூச்சி அண்டாது."

சபை திகைத்தது. யோசனையில் குற்றமில்லை. 'மூத்திரம்' என்பதை நடவடிக்கைக் குறிப்பில் எப்படி எழுதுவது என்பதுதான் சிக்கல். கோமியம் என்று போடலாம் என்றேன்.

"அது பூஜைக்கு உள்ளது. தெளித்தால் புண்ணியம் பூச்சிக்குப் போய்விடும்" என்றார் ஆனந்தன்.

முக்கால் மணி நேர விவாதத்துக்குப் பிறகு 'கால்நடை வழங்கும் நீர்' என்று ஒருமனதாக ஏற்றுக்கொண்டோம். கால்நடைக்கு நன்றி தெரிவித்து ஒரு தீர்மானமும் போட்டோம். பொன்னியம்மாவுக்கு நன்றி சொல்ல நேரம் போதவில்லை.

கழகம் பானை வாங்கியது, பொன்னியம்மா புதைத்தாள். பத்தாம் நாள் காலனி வாசலில் நானே கைப்பட நோட்டீஸ் எழுதி ஒட்டினேன்: 'கழகத்தின் ஊறல் தயார். ஞாயிறு காலை அனைவரும் ஆளுக்கொரு பாட்டிலுடன் வருக.'

மதுவிலக்கு அமலில் இருந்த காலம் அது. ஊறல் என்றால் ஊர் முழுக்க ஒரே அர்த்தம்தான், சாராயம் காய்ச்சுவதற்காகப் புதைத்து வைக்கும் சரக்கு. எனக்கும் இது தெரியும். ஆனால் நல்ல தமிழில் எழுதினால் மக்கள் நல்ல அர்த்தத்தில் படிப்பார்கள் என்று நம்பிவிட்டேன்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கே வரிசை நின்றது. பூந்தமல்லியிலிருந்துகூட சைக்கிளில் வந்திருந்தார்கள். ஒரு மணி நேரத்தில் முப்பத்தொரு புதிய உறுப்பினர்கள். ஒருவருக்கும் தோட்டம் கிடையாது.

"என்ன செடி வைத்திருக்கிறீர்கள்?" என்று வரிசையில் முதலில் நின்ற வேம்புலியைக் கேட்டேன்.

"செடி இன்னாத்துக்கு சார்? அதான் பாட்டில் கீதே."

வாங்கிய வேகத்தில் ஒரு மடக்குக் குடித்தான். அவன் கண்ணும் மூக்கும் வாயும் ஆளுக்கொரு பக்கம் போய் மெதுவாகத் திரும்பி வந்தன.

"சரக்கு எப்டி மாமே?" என்றான் பின்னால் நின்றவன்.

வேம்புலி மானஸ்தன். "ஷோக்கா கீது மாமே. நீயும் அடி."

இப்படிப் பதினோரு பேர் ஒருவரை ஒருவர் நம்பிக் குடித்தார்கள். எங்கள் கழகத்தில் இவ்வளவு ஒற்றுமையை நான் அதற்கு முன் கண்டதில்லை. அப்போதுதான் ஜீப் வந்தது.

"யாருது இந்த ஊறலு?" என்றார் ஏட்டு சின்னப்பையன். அவருக்கு ஐம்பது வயது.

"கழகத்தினுடையது" என்றேன் கம்பீரமாக.

"கழகம்ன்றவன் எவன்? கூப்டு அவன."

"அது ஓர் அமைப்பு."

"எதுவா இருந்தா இன்னா, ஜீப்புல ஏறச் சொல்லு."

தலைவர் ஐந்து நிமிஷம் அவகாசம் கேட்டார். வெண்டைப் பாத்திக்குப் பின்னால் அவசரச் செயற்குழு குந்தியது. தீர்மானம் எண் ஒன்பது: 'மேற்படி பானைக்கும் கழகத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. அது பொன்னியம்மாவின் சொந்த முயற்சி.' எழுதியவன் நான். நோட்டீஸைக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டவனும் நான்தான்.

"சார், நோட்டீசு நீ தான எழுதுன? சொல்லு சார்" என்றாள் பொன்னியம்மா.

உறுப்பினர் அல்லாதவர் கேள்வி கேட்கக் கழக விதிகளில் இடமில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அதை எழுதவும் குறிப்பேட்டில் இடமில்லை. அவளை ஏற்றிக்கொண்டார்கள்.

சாட்சிக்கு ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டு, மீதியைச் சட்டப்படி கீழே கொட்டினார்கள். கீழே இருந்தது கத்தரிப் பாத்தி. ஒரு வாரத்தில் பூச்சி போன இடம் தெரியவில்லை.

மூன்று மாதம் கழித்துப் பரிசோதனை அறிக்கை வந்தது. சாராயம் துளியும் இல்லை, மாட்டு மூத்திரம் தாராளமாக உண்டு. பொன்னியம்மாவை விட்டுவிட்டார்கள். ஆனால் நிர்வாகத்துக்குச் சந்தேகம் தீரவில்லை. 'பானை எங்களுடையது' என்று கழகம் ஒரு வரி எழுதிக் கொடுத்தால்தான் வேலை என்றார்கள்.

அதே வாரம் காய்கறிக் கண்காட்சியில் எங்கள் கத்தரிக்குச் சுழற்கோப்பை கிடைத்தது. நாகேந்திரன் மைக்கைப் பிடித்து, "இந்த மூலிகை ஊறல் முழுக்க முழுக்கக் கழகத்தின் கண்டுபிடிப்பு" என்று முழங்கினார். கோப்பையை நான் ஏந்தி வந்தேன். வாசலில் பொன்னியம்மா நின்றிருந்தாள்.

"மைக்ல சொன்னீங்களே சார், அத்தயே ஒரு கடுதாசில எழுதிக் குடு. எனக்கு வேலை கெடைச்சிரும்."

"மைக்கில் சொல்வது வேறு, தாளில் எழுதுவது வேறு, பொன்னியம்மா" என்று பொறுமையாக விளக்கினேன்.

அவள் கோப்பையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"பூச்சிக்குக் கூட ஒரு வாயி தான் சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

விலங்கியலில் இது அரிய உண்மை. வேறு யாரும் முந்திக்கொள்வதற்குள், கழகத்தின் இரண்டாவது கண்டுபிடிப்பு என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.