செல்வம்மாள் அத்தை பெயர் மறைந்த விவரம்

ஜங்லிகாட், அந்தமான்,
14.10.2001, ஞாயிறு, காலை 11.20.
இருந்த பெயர்கள் 41. மறைந்தவை 41.

அன்புள்ள சின்னப்பன் சித்தப்பாவுக்கு, மகன் ஜெயமணி தோத்திரம் சொல்லி எழுதுவது. ஆண்டவர் தயவால் இங்கே எல்லோரும் சுகம், செல்வம்மாள் அத்தை தவிர.

நீங்கள் தூத்துக்குடியிலிருந்து பார்க்க வேண்டும் என்று கேட்டதால், 1969இல் கப்பலில் வந்த நம் நாற்பத்தொரு குடும்பங்களுக்கும் ஒரு வெப்சைட் செய்தேன். பக்கத்தை இரண்டு கட்டங்களாகப் பிரித்தேன். இடது பக்கம் ஒல்லிக் கட்டத்தில் பெயர்ப் பட்டியல். ஒரு பெயரை அழுத்தினால் அந்தக் குடும்பத்தின் போட்டோ வலது பக்கம் பெரிய கட்டத்தில் திறக்க வேண்டும். எந்தக் கட்டத்தில் என்று நாம் சொல்லாவிட்டால், அழுத்திய கட்டத்திலேயே திறந்துகொள்ளும். நான் சொல்லவில்லை. படித்தவன் செய்யக்கூடாத தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

இன்று பூசை முடிந்து இருபது பேர் நம் முன்னறையில் கூடியிருக்க, நம் வீட்டு வாண்டு லூசி மவுசைப் பிடித்து அடைக்கலசாமி மாமா பெயரை அழுத்தினாள். பட்டியல் போய்விட்டது, அந்த ஒல்லி இடத்தில் மாமாவின் ஒரு காது மட்டும் வந்தது, எல்லோரும் சிரித்தார்கள், செல்வம்மாள் அத்தை மட்டும் எழுந்து நின்றார்.

"அரே ஜெயமணி, என் பேரு கிதர்டா?"

"எங்கயும் போகல அத்தை, உள்ளதான் இருக்கு."

"லிஸ்ட்டுக்குள்ள இருக்குன்னுதான் அன்னைக்கு கப்பல் ஜெட்டியிலயும் சொன்னானுக. பேரு இல்லாம மூணு நாளு பெட்டி மேலயே உக்காந்திருந்தேன், மாலூம் ஹை, தெரியுமா?"

பின்னால் போகும் பொத்தானை அழுத்திப் பட்டியலைத் திரும்பக் கொண்டுவந்தேன். லூசி சும்மா இருக்காமல் இன்னொரு பெயரை அழுத்தினாள். மறுபடி போனது. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு, அன்று கப்பலில் பட்டியல் எழுதியதும் தன் பெயரை விட்டதும் நீங்கள்தான் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். முப்பத்திரண்டு வருடம் இதை எங்களுக்குச் சொல்லாமல் இருந்திருக்கிறீர்கள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தன் பெயரைச் சரியாகப் பார்க்கும்வரை நாற்காலியை விட்டு எழ மாட்டேன் என்கிறார். இதை எழுதும்போதும் பக்கத்தில்தான் இருக்கிறார்.

இனி செய்யப்போவது:

1. பட்டியல் பக்கத்தின் தலையில் ஒரே வரி எழுதி, எல்லா இணைப்பும் வலது கட்டத்தில் திறக்கச் செய்வேன்.
2. 'முதல் பக்கம்' என்ற இணைப்புக்கு மட்டும் தனியாக, முழுத் திரையில் திற என்று சொல்வேன். இல்லாவிட்டால் முழு வெப்சைட்டும் வலது கட்டத்துக்குள் போய் உட்கார்ந்து, பட்டியல் இரண்டு தடவை தெரியும். பார்க்கச் சகிக்காது.
3. லூசி கையில் மவுசைத் தர மாட்டேன்.
4. உங்களிடமிருந்து எந்தப் பட்டியலும் வாங்க மாட்டேன்.

சித்திக்கும் தங்கச்சிகளுக்கும் என் அன்பு. எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

ஜெயமணி

பி.கு.: முதலாவதை முடித்தேன். இரண்டாவதைத் தொடுவதற்குள் அத்தையே மவுசை வாங்கி 'முதல் பக்க'த்தை அழுத்திவிட்டார். பட்டியல் இரண்டாக வந்தது. இரண்டிலும் விரல் வைத்துத் தன் பெயரைத் தொட்டுப் பார்த்தார். "பஸ், போதும்டா, இதுல கைய வைக்காத. ஒண்ணுல பேர விட்டுட்டானுகன்னா இன்னொண்ணுல இருக்கும்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். ஆகவே மேலே எழுதிய எண் 2-ஐ அடித்துவிடவும்.