ஜமீனுக்கு நான் பார்த்த வைத்தியம்

மச்சானின் மீனுக்கு நானே வைத்தியம் பார்ப்பது என்று முடிவெடுத்தேன். முடிவெடுத்தது நான். ஆகவே அது சரியான முடிவாகத்தான் இருக்க வேண்டும்.

வீட்டுக்குப் பெயின்ட் அடித்து முடியும்வரை என்று சொல்லி, மச்சான் தன் தங்கமீனைத் தொட்டியோடு எங்கள் ஹாலில் வைத்துவிட்டுப் போயிருந்தார். மீனின் பெயர் ஜமீன். நல்ல தொப்பை, யாரையும் மதிக்காத பார்வை. போகும்போது, "மாப்பிள்ளை, உங்களால முடியுமா?" என்று கேட்டார் பாருங்கள், அது சுருக்கென்று தைத்தது. இரட்டிப்பு எடையில் திருப்பித் தருகிறேன் என்று வீம்புக்கு அள்ளி அள்ளித் தீனி போட்டேன். இப்போது ஜமீன் வால் நைந்து, துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் கிடக்கிறது. அடுத்த ஞாயிறு மச்சான் வருகிறார். ஜமீன் மண்டையைப் போட்டால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்.

எனக்கென்ன பயம்? இன்ஷூரன்ஸ் ஆபீசில் மருத்துவ பில்களைச் சரிபார்க்கிற வேலை எனக்கு. டாக்டர்கள் எழுதியதையெல்லாம் படித்துப் படித்து நானே முக்கால் டாக்டர். போன தடவை எனக்குப் பல் ஈறு வீங்கியபோது கொடுத்த ஆன்டிபயாடிக் கேப்ஸ்யூலில் பாதி அலமாரியில் மிச்சம் இருந்தது.

"அதை ஏங்க வெளிய எடுக்கறீங்க?" என்றாள் மனைவி.

"ஜமீனுக்கு. காலையில ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு."

"என்ன நோய்னு தெரியுமா?"

"ஆன்டிபயாடிக் கொடுத்தா அது தானா தெரிஞ்சுட்டுப் போகுது."

"கிருமியே இல்லாத நோய்க்கு அதைக் கொடுத்து என்ன பிரயோஜனம்? தொட்டியில அழுக்கைத் தின்னு தண்ணியைக் காப்பாத்தற நல்ல கிருமியும் செத்துப் போகும். தப்பிச்ச கெட்ட கிருமி மருந்துக்கே அடங்காது. முதல்ல கால்நடை டாக்டரைக் கேப்போம்."

"காலும் இல்லை, நடையும் இல்லை. அதுக்குக் கால்நடை டாக்டரா?"

என் ஜோக்குக்கு நானே சிரித்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் ஆளே மாறியிருந்தாள். கேப்ஸ்யூல் டப்பாவை மரியாதையாக நீட்டினாள்.

"யோசிச்சுப் பார்த்தேங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

கல்யாணம் ஆனதிலிருந்து இந்த வாக்கியத்துக்காகத்தான் காத்திருந்தேன். கேப்ஸ்யூலைப் பிரித்து வெள்ளைத் தூளைத் தொட்டியில் கொட்டினேன்.

"ஆனா ஒண்ணுங்க. அழுக்குத் தண்ணியில மருந்து வேலை செய்யுமா?"

"செய்யாது," என்றேன். தெரியாது என்று சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

"அப்போ தினமும் கொஞ்சம் தண்ணியை மாத்தணும். முந்தின நாளே பிடிச்சு வெச்ச தண்ணியா இருக்கணும். பில்டர் பஞ்சைத் தொட்டித் தண்ணியிலயே அலசணும், குழாய்ல காட்டக் கூடாது. இதையெல்லாம் டாக்டர் நீங்க பார்த்துப்பீங்கள்ல?"

"பின்னே? வேற யார் பார்க்கறது?"

"தீனி?"

"பத்தியம்! ஒரு சிட்டிகைக்கு மேல யாரும் போடக் கூடாது!"

அன்றிலிருந்து பக்கெட்டும் கையுமாக அலைந்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. பஞ்சை அலசினால் உவ்வே, அப்படி ஒரு நாற்றம். ஆனால் ஜமீன் மெல்லத் துடுப்பை விரித்தது. பிறகு நீந்தியது. வார முடிவில் என்னையே பழையபடி ஏளனமாகப் பார்த்தது. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பாவம், தப்பிக்க வழியில்லாமல் அரைமணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். ஜமீனைப் பார்த்தார். வாயைப் பிளந்தார்.

"என்ன மாப்பிள்ளை, பளபளன்னு இருக்கான்!"

"ஆன்டிபயாடிக்," என்றேன், காலை ஆட்டிக்கொண்டு.

"அடேயப்பா! எனக்கும் ரெண்டு கொடுங்க. என்னோட பெரிய தொட்டியில ஒண்ணு சுணங்கிக் கிடக்கு."

டப்பாவை எடுக்கக் கை நீட்டினேன். மனைவி குறுக்கே வந்தாள்.

"அண்ணா, அந்தக் கேப்ஸ்யூலுக்குள்ள இருக்கறது பொடிச்ச உப்பு. இவர் குளிக்கப் போனப்போ மாத்திட்டேன். மிச்ச மருந்தை மருந்துக் கடையில கொடுத்து அழிச்சிடச் சொல்லிட்டேன். அன்னிக்கே கால்நடை டாக்டர்கிட்ட தொட்டித் தண்ணியையும் ஜமீன் போட்டோவையும் காட்டினேன். ‘நோய் எதுவும் இல்லம்மா, தீனி அழுகித் தண்ணி கெட்டிருக்கு’ன்னார். மருந்தே எழுதலை."

எனக்கு முகம் செத்துவிட்டது.

"அப்போ ஜமீனைப் பிழைக்க வெச்சது யாரு?" என்றேன்.

"நீங்கதாங்க! சத்தியமா! தூக்கின பக்கெட் எல்லாம் உங்களோடதுதானே? உங்களை மாதிரி யாரும் தண்ணி மாத்த முடியாதுங்க."

போன உயிர் வந்தது. அதானே! மருந்து உப்பானால் என்ன, கை என் கை இல்லையா? நெஞ்சை நிமிர்த்தி மச்சானைப் பார்த்தேன்.

"உண்மைதான் மாப்பிள்ளை," என்றார் அவர் உருக்கமாக. "இப்படி ஒரு கை எனக்கு வராது. ஜமீன் உங்ககிட்டயே இருக்கட்டும். அந்தப் பெரிய தொட்டியும் இனி உங்க பொறுப்பு."

"ஐயோ, அவ்வளவு பெரிய தொட்டியை எப்படி இங்க கொண்டு வர்றது மச்சான்?" என்றேன் அவசரமாக.

"அந்தக் கவலை உங்களுக்கு எதுக்குங்க? நான்தான் அண்ணனை எடுத்துட்டு வரச் சொன்னேன். வாசல்ல வண்டியில இருக்கு, ஒரு கை பிடிங்க," என்றாள் மனைவி.